விடுபட்ட திணை: சிற்றூர்க் கோல்ஃப் மாலை குறித்து ஓர் ஆராய்ச்சி

நம் இலக்கணிகள் நிலத்தை ஐந்தாகப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் பொழுது, தெய்வம், பறவை, விலங்கு, மரம், பறை, ஒழுக்கம் எல்லாம் வகுத்து வைத்தார்கள். ஆனால் அவர்கள் கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்துக்குப் போனதில்லை. போயிருந்தால், ஆயிரம் பேர் வாழும் ஏதோவொரு சிற்றூரின் ஓரத்தில், ஒருபுறம் கோதுமையும் மறுபுறம் கனோலாவும் விளைந்துகிடக்க, நடுவே ஒன்பதே குழிகள் கொண்ட கோல்ஃப் மைதானத்தைக் கண்டிருப்பார்கள். வாரத்தில் ஒரு நாள் மாலை அங்கே பிக்கப் வண்டிகள் வந்து நிற்பதையும், அவற்றிலிருந்து ஆண்கள் மட்டும் இறங்குவதையும் பார்த்ததும் ஏடும் எழுத்தாணியும் எடுத்திருப்பார்கள்.

அந்த விடுபாட்டை நிரப்பவே இந்த ஆராய்ச்சி. முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்ற மரபு வரிசையிலேயே செல்லலாம். அறிஞர்களுக்குள் கைகலப்பு மூன்றாவதில்தான். ஆகவே இடமும் அதற்கே கூடுதல்.

முதலில் நிலம். கோல்ஃப் பச்சைப் புல்வெளியில் பிறந்த ஆட்டம் என்று நினைப்பவர் பலர். அது பிறந்தது மணலில். ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில், கடலுக்கும் கழனிக்கும் இடைப்பட்ட மணல்மேடுகள் உழவுக்கு உதவவில்லை. ஆடு மேயவும் முயல் வளை தோண்டவும் பயன்பட்டன. மிச்சம் கிடந்த இடத்தில் மனிதன் கோலால் பந்தை அடித்தான். 1457இல் மன்னர் இரண்டாம் ஜேம்ஸின் நாடாளுமன்றம், இளைஞர்கள் வில்வித்தைப் பயிற்சியை விட்டுவிட்டு இதில் மூழ்குகிறார்கள் என்று கோல்ஃபையும் கால்பந்தையும் சேர்த்தே தடைசெய்தது. பிற்கால மனைவியர் எழுப்பிய குற்றச்சாட்டும் சாரத்தில் இதுவே. வில்லுக்குப் பதில் வீட்டு வேலி என்று மாற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

ஆக, கோல்ஃப் சுத்தமான நெய்தல். பசிபிக் கடலிலிருந்து ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கோதுமைச் சமவெளிக்கு அது வந்தது திணைமயக்கம். இதற்குச் சான்று கேட்பவர்கள் அங்கே சில ஊர்களில் இன்னும் இருக்கும் மணல் கிரீன்களைப் போய்ப் பார்க்கலாம். தண்ணீருக்கும் பணத்துக்கும் தட்டுப்பாடான இடங்களில், குழியைச் சுற்றிப் புல் வளர்ப்பதற்குப் பதிலாக எண்ணெய் கலந்த மணலை வட்டமாகப் பரப்பிவிடுவார்கள். பந்தை உருட்டுவதற்கு முன் பந்திலிருந்து குழி வரைக்கும் ஒரு கட்டையை இழுத்துப் பாதை சமன்செய்துகொள்ள வேண்டும். ஏழ்மையின் அடையாளம் என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். அமெரிக்காவின் மிகப் புகழ்பெற்ற மைதானங்களில் ஒன்றான பைன்ஹர்ஸ்ட் இரண்டாம் எண் மைதானத்திலேயே 1935 வரை மணல் கிரீன்கள்தான் இருந்தன. கடலை விட்டு எவ்வளவு தூரம் வந்தாலும் நெய்தல் தன் மணலைக் கையோடு கொண்டுவந்துவிடுகிறது.

இனிப் பொழுது. பெரும்பொழுது, மே மாதம் பனி வடிந்தபின் தொடங்கி அறுவடை மும்முரமாகும் செப்டம்பரில் முடியும். சிறுபொழுதுதான் சுவையானது. மாலை ஐந்தரைக்கும் ஆறுக்கும் இடையே தொடங்கும் இந்த நிகழ்ச்சிக்கு ஒன்பது குழிகள் ஆடி முடிக்க இரண்டு, இரண்டரை மணி நேர வெளிச்சம் வேண்டும். நம் ஊரில் அந்நேரம் விளக்கு வைத்துவிடுவார்கள். சஸ்கட்டூன் நகரத்தில் ஜூன் கடைசியில் சூரியன் மறைவதே இரவு ஒன்பதரைக்கு.

இந்த ஒளிக்குப் பின்னால் கோல்ஃப்காரர்களின் சதி உண்டு என்று ஒரு கட்சி. அது முழுப் பொய் என்று தள்ளிவிட முடியாது. கோடையில் கடிகாரத்தை முன்னே நகர்த்தும் யோசனையை 1907இல் இங்கிலாந்தில் துண்டுப் பிரசுரமாக வெளியிட்ட வில்லியம் வில்லெட் வீடு கட்டித்தரும் தொழிலதிபர்; கோல்ஃப் பிரியர். மறுவருடமே, 1908 ஜூலை 1 அன்று, கனடாவின் போர்ட் ஆர்தர் நகரம் கடிகாரத்தை நகர்த்திவிட்டது. 1986இல் அமெரிக்க நாடாளுமன்றத்தில் கோடை நேரத்தை நீட்டிப்பது பற்றிப் பேச்சு வந்தபோது, ஒரு மாதம் கூடுதலாகக் கிடைத்தால் தங்கள் தொழிலுக்கு இருபது கோடி டாலர் வருமானம் கூடும் என்று கோல்ஃப் தரப்பு கணக்குக் காட்டியது. நீட்டிப்பும் நடந்தது. சஸ்காச்சுவான்காரர்களோ இந்த முன்னும் பின்னுமான சங்கடத்தையே வைத்துக்கொள்ளவில்லை. 1966ஆம் ஆண்டு நேரச் சட்டத்துக்குப் பிறகு மாகாணத்தின் பெரும்பகுதியில் கடிகாரத்தைத் தொடுவதே இல்லை. ஆனால் பூகோளப்படி இருக்க வேண்டிய மண்டலத்தைவிட ஒரு மணி நேரம் முந்திய மண்டலத்தில் நிலையாகக் குடியேறிவிட்டார்கள். ஆண்டு முழுவதும் கோல்ஃப் நேரம் என்பது இதன் பொருள். ஜனவரியில் வெப்பநிலை மைனஸ் முப்பதில் இருக்கும்போதும்.

கருப்பொருள்களை விரைவாகப் பார்த்துவிடலாம். புள், கனடா வாத்து. அதன் எச்சம் கிரீன் முழுக்கக் கிடக்கும். விதிப்புத்தகம் அதை அகற்றக்கூடிய தளர்பொருள் என்கிறது, எதைக் கொண்டு அகற்றுவது என்பதை ஆட்டக்காரரின் மனசாட்சிக்கு விட்டுவிடுகிறது. விலங்கு, உள்ளூரில் கோஃபர் எனப்படும் தரையணில். அது தோண்டிய வளைக்குள் பந்து போனால் தண்டனையின்றி வெளியே எடுத்து ஆடலாம். மரம், காற்றைத் தடுக்க நட்ட காரகனா வேலியும் பாப்லரும். உண்டி, மாட்டிறைச்சித் துண்டம். அதைப் பச்சையாகக் கையில் கொடுத்துவிடுவார்கள், பொதுவான பெரிய அடுப்பில் அவரவரே வாட்டிக்கொள்ள வேண்டும். கருகினால் சமையல்காரரைத் திட்ட முடியாத இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்தவர் சிற்றூர் அரசியல் தெரிந்தவர்.

தெய்வம், புல் வெட்டுபவர். விடியுமுன் வந்து போய்விடுவார், யார் கண்ணிலும் பட மாட்டார். 108 மில்லிமீட்டர் அகலக் குழி நேற்றிருந்த இடத்தைவிட்டு வேறிடத்துக்கு நகர்ந்திருப்பதே அவர் வந்து சென்றதற்கு அடையாளம். பந்து வழுக்கிக்கொண்டு போனால் பழியும் அவருக்கே.

பறை மட்டும் சற்று நின்று கவனிக்கத் தக்கது. வந்த நாற்பது பேர் அத்தனை பேரும் முதல் குழியில் வரிசையில் நின்றால் கடைசி ஆளுக்கு இருட்டிவிடும். அதனால் நான்கு நான்கு பேராக எல்லாக் குழிகளுக்கும் பரப்பிவிட்டு, ஒரே ஒலியில் ஒரே நேரத்தில் ஆட்டத்தைத் தொடங்குவார்கள். 1956 மே மாதம் வாஷிங்டன் மாநிலத்தின் வாலா வாலா என்ற ஊரில், மைதானத்தின் தலைமைப் பயிற்சியாளர் ஜிம் ரஸ்ஸல் உண்மையிலேயே துப்பாக்கியை வானத்தை நோக்கிச் சுட்டு இதைத் தொடங்கிவைத்தார் என்பது வரலாறு. பிற்காலத்தார் ஹாரனுக்கு இறங்கிவிட்டார்கள். வாத்துகளுக்கு இது முன்னேற்றம்.

இனி உரிப்பொருள். இவர்கள் அங்கே கூடி உண்மையில் செய்வது என்ன?

முதல் கட்சி, கோல்ஃப் ஆடுகிறார்கள் என்பது. வெள்ளை உள்ளம் கொண்டவர்களின் கட்சி இது. புள்ளிவிவரம் இதற்கு ஒத்துழைக்கவில்லை. பிரிட்டனில் ஆர் அண்ட் ஏ அமைப்பும் அமெரிக்கக் கோல்ஃப் சங்கமும் எடுத்த அளவுகளின்படி, 2019இல் சாதாரண ஆண் ஆட்டக்காரர் ஒருவரின் முதல் அடி சராசரியாகப் போன தூரம் 216 கெஜம். ஹேண்டிகேப், அதாவது திறமைக் குறைவுக்கு ஈடாகக் கழித்துக்கொடுக்கும் அடிகள், 21உம் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு 177. ஆட்டம் முடிந்து மேசையைச் சுற்றி உட்கார்ந்தபின் இதே ஆண்கள் சொல்லும் தூரம் 250ஐவிடக் குறைவதில்லை. கோதுமை விளைச்சலை வரி அதிகாரியிடம் குறைத்துச் சொல்லும் அதே வாய்தான் இதையும் சொல்கிறது. எண்களோடு அந்த வட்டாரத்துக்கு இருக்கும் உறவு சிக்கலானது. ஆட்டத்துக்காகத்தான் கூடுகிறார்கள் என்றால் ஆட்டம் ஆண்டுக்காண்டு மேம்பட வேண்டும். அதற்கான அறிகுறி தென்படவில்லை.

இரண்டாம் கட்சி, வீட்டிலிருந்து தப்பிக்கிறார்கள் என்பது. ஆண்கள் மட்டும் என்ற விதியைக் காட்டி இவர்கள் வாதிடுவார்கள். பெரிய இடங்களில் அந்த விதிக்கு நீண்ட, அழகில்லாத வரலாறு உண்டு. அகஸ்டா மைதானம் முதல் பெண் உறுப்பினர்களைச் சேர்த்தது 2012இல். ஒருகாலத்தில் உலகின் பெரும்பகுதிக்கு விதி எழுதிய செயின்ட் ஆண்ட்ரூஸ் சங்கம் 2014இல் மனமிரங்கியது. மூயர்ஃபீல்ட் 2017 வரை பிடிவாதம் பிடித்தது. சிற்றூர் மைதானத்துக்கு அந்த ஆடம்பரம் கட்டுப்படியாகாது. சந்தா கட்டுபவர் யாராயினும் வேண்டும். ஆகவே அங்கே மதிலுக்குப் பதிலாகக் கிழமை இருக்கிறது: ஒரு மாலை, வியாழன் என்று வைத்துக்கொள்வோம், ஆண்களுக்கு; இன்னொரு மாலை பெண்களுக்கு. கணவன் போகும் நாளில் மனைவிக்கும் மனைவி போகும் நாளில் கணவனுக்கும் வீடு அமைதியாகக் கிடைக்கிறது. தப்பிப்பவர் யார், தப்பியது யாரிடமிருந்து என்பது இதனால் தெளிவாவதில்லை.

மூன்றாம் கட்சி பியர். பியர் குடிக்க ஊரில் மதுக்கூடம் இருக்கிறது. அங்கே பதினான்கு கோல்களைத் தூக்கிக்கொண்டு மூன்று கிலோமீட்டர் நடக்க வேண்டியதில்லை. தள்ளுபடி.

நான்காம் கட்சிதான் வலுவானது. நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். பொழுது சாயும் நேரமே அதற்குரிய காலம். நிலம் நெய்தல் வழி வந்தது, பொழுதும் பொருந்துகிறது, ஆகவே உரிப்பொருளும் இரங்கலே என்பது இவர்கள் துணிபு. எட்டாம் குழியருகே நின்று கேட்பவர்கள் மறுக்கத் துணிய மாட்டார்கள். காற்றைக் குறித்து இரக்கம், முதுகைக் குறித்து இரக்கம், புதிதாக வாங்கிய டிரைவர் கோலைக் குறித்து இரக்கம். ஆனாலும் இரங்குவதற்கு யாரும் காசு கட்ட மாட்டார்கள். இங்கே எல்லோரும் காசு கட்டுகிறார்கள். நான்கு கட்சியினரும் கோட்டைவிட்டது இந்த இடத்தில்தான்.

காசைப் பின்தொடர்ந்து போனால் உண்மை தெரியும். ஆளுக்குப் பத்து டாலர், நாற்பது பேர் என்று வைத்துக்கொள்வோம். நானூறு டாலர் ஒரு காப்பி டப்பாவில் சேர்கிறது. குறைந்த அடிகளில் முடித்தவருக்கு ஒரு பங்கு. ஹேண்டிகேப் கழித்துக் குறைந்தவருக்கு ஒரு பங்கு. குட்டைக் குழியில் கொடிக்கு மிக அருகே பந்தைப் போட்டவருக்கு ஒரு பங்கு; அதற்கென ஒரு முளைக்குச்சியும் தாளும் அங்கேயே இருக்கும், முந்தியவர் பெயரை அடித்துத் தன் பெயரை எழுதிக் குச்சியை நகர்த்தலாம். நீண்ட அடிக்கு ஒரு பங்கு, ஐம்பத்தைந்து கடந்தவர்களின் நீண்ட அடிக்குத் தனிப்பங்கு. இரண்டே அடியில் குழி முடித்தவர்களுக்கு வேறொரு டப்பா. இவற்றில் எதிலும் சிக்காதவருக்காகச் சீட்டுக் குலுக்கல். அதிலும் விழாதவருக்கு விதை நிறுவனத்தின் தொப்பி. மாலை முழுக்க அதிகமான அடிகள் அடித்தவருக்கு, மிக நேர்மையான ஆட்டக்காரர் என்றொரு விருது. பரிசு பன்றித்தொடை இறைச்சி.

பருவம் முடியும்போது அவரவர் போட்ட பணம் ஏறத்தாழ அவரவருக்கே திரும்பியிருக்கும், இடையில் ஒரு பகுதி புல்வெட்டும் இயந்திரத்தின் பழுதுக்குப் போயிருக்கும். இதற்கு அரசறிவியலில் மறுபங்கீடு என்று பெயர். ஆகவே இத்திணையின் உரிப்பொருள் பங்கீடும் பங்கீட்டு நிமித்தமும் என்பது இக்கட்டுரையின் துணிபு.

நிலவரலாறும் இதற்குச் சாட்சி சொல்கிறது. வட அமெரிக்காவின் முதல் சமூக ஜனநாயக அரசு 1944இல் டாமி டக்ளஸ் தலைமையில் அமைந்தது இந்த சஸ்காச்சுவானில்தான். எல்லோருக்கும் பொது மருத்துவக் காப்பீடு என்ற திட்டம் கனடாவிலேயே முதன்முதலாக நடைமுறைக்கு வந்ததும் இங்கேதான், 1962 ஜூலை 1 அன்று. அதற்கும் முன்பே, 1920களில், உழவர்கள் கோதுமையைக் கூட்டாக விற்கச் சங்கம் அமைத்துவிட்டார்கள். இன்று அதே ஊர்ப்புறங்கள் வலதுசாரிகளுக்கே பெரும்பாலும் வாக்களிக்கின்றன. வரி என்ற சொல் காதில் விழுந்தாலே காறித் துப்பும் ஆள்கூட, வியாழக்கிழமை மாலை காப்பி டப்பாவில் தாமாக முன்வந்து பத்து டாலர் போடுகிறார். பன்றித்தொடை யாருக்குப் போகிறது என்று ஒரு கேள்வி கேட்பதில்லை. பழைய கொள்கை இறந்துபோகவில்லை, தொப்பி போட்டுக்கொண்டு நடமாடுகிறது.

பங்கீட்டின் தத்துவ நூல் ஹேண்டிகேப். உலகம் முழுவதற்குமான ஒரே முறை 2020இல் வந்தது. கடைசி 20 ஆட்டங்களில் சிறந்த 8ஐ எடுத்துச் சராசரி காண்பது, ஒவ்வொரு மைதானத்துக்கும் ஸ்லோப் என்ற கடின அளவு, 55இலிருந்து 155 வரை, நடுத்தரம் 113. ஒருவரின் எண் 20, மைதானத்தின் ஸ்லோப் 105 என்றால், 20ஐ 105ஆல் பெருக்கி 113ஆல் வகுக்க 18.58 வரும். ஒன்பது குழிகளுக்கு அதில் பாதி. வல்லவனிடமிருந்து பறித்து மாட்டாதவனுக்குக் கொடுக்கும் இந்தச் சூத்திரத்தை எந்த மார்க்சியரும் குறை சொல்ல முடியாது. நடைமுறையில் சிற்றூரில் இந்தப் பெருக்கல் வகுத்தலை நம்புகிறவர் குறைவு. யார் எப்படி ஆடுவார், போன மாதம் எவ்வளவு அடித்தார், எதற்காக இப்போது முட்டி வலி என்கிறார் என்பதெல்லாம் கமிட்டிக்கு மனப்பாடம். கணினி ஏமாறலாம், கமிட்டியில் இருக்கும் உதிரிபாகக் கடைக்காரர் ஏமாற மாட்டார்.

ஆள் தெரியாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு 1955இன் டீப்டேல் வழக்கு போதும். நியூயார்க் அருகே லாங் ஐலண்டில், ஆட்டக்காரர்களை ஏலம் எடுத்துப் பந்தயம் கட்டும் போட்டி. நம் கல்கத்தாவின் குதிரைப் பந்தயச் சீட்டிலிருந்து வந்த முறை என்பதால் அதற்குக் கல்கத்தா என்றே பெயர். ஹேண்டிகேப் 17, 18 என்று பதிந்துகொண்ட இருவர் வென்றார்கள். இருவரின் உண்மையான தரமும் 3 அளவில். விஷயம் வெளிப்பட்டதும் அமெரிக்கக் கோல்ஃப் சங்கம் அந்தச் சூதாட்ட முறைக்கு எதிராகத் திரும்பியது. சிற்றூரில் இந்த மோசடி இரண்டாவது வாரம் தாண்டாது. மூன்றாவது வாரம் அந்த ஆளின் டிராக்டருக்கு உதிரிபாகம் கிடைப்பது தாமதமாகும்.

பங்கீட்டின் அடுத்த கருவி கிம்மி. குழிக்கு மிக அருகே பந்து நின்றுவிட்டால் அதை அடித்துக் காட்ட வேண்டியதில்லை, எடுத்துக்கொள்ளலாம் என்று எதிராளி சலுகை கொடுப்பது. அதிகாரபூர்வ விதிப்படி, ஒருவருக்கொருவர் குழிவாரியாக மோதும் ஆட்டத்தில் மட்டுமே இது செல்லும். மொத்த அடிகளை எண்ணும் ஆட்டத்தில் செல்லாது. ஆண்கள் மாலையில் இருப்பது இரண்டாம் வகை. ஆயினும் வாரந்தோறும் தயங்காமல் வழங்கப்படுகிறது. இந்த விதிமீறலைக் கண்டிப்பவர்கள், எட்டடித் தூரத்திலிருந்து உலகத் தொழில்முறை ஆட்டக்காரர்களே பாதி முறைதான் குழியில் போடுகிறார்கள் என்று பேராசிரியர் மார்க் பிராடி கணக்கிட்டுக் காட்டியதை நினைக்க வேண்டும். தொண்ணூறு அடி அடிப்பவருக்கு அந்தப் பாதிக்குப் பாதி ஐந்தடியிலேயே வந்துவிடுகிறது. அவரை இரண்டடிப் பந்தின் முன் நிறுத்திப் பார்ப்பது மனிதாபிமானமல்ல.

அளவுகோல் பட்டர் என்னும் உருட்டுகோலே. குழியிலிருந்து அதைப் படுக்கவைத்து, கைப்பிடி தொடங்கும் இடத்துக்குள் பந்து இருந்தால் சலுகை. இங்கே இரண்டு பாடங்கள் உள்ளன: கோலின் தலையைக் குழியில் வைத்து அளப்பது ஒன்று, கைப்பிடியைக் குழியில் வைத்து அளப்பது இன்னொன்று. முதல் பாடத்தில் இரண்டடி கிடைக்கும். இரண்டாவதில் ஓரடிக்கும் குறைவு. நெஞ்சளவு நீளக் கோல் வைத்திருப்பவர் முதல் பாடத்தையே ஆதரிப்பார். எந்தக் கமிட்டியும் இதைத் தீர்த்ததாகத் தகவல் இல்லை.

கிம்மியின் உச்சம் 1969 ரைடர் கோப்பை. இங்கிலாந்தின் ராயல் பர்க்டேல் மைதானத்தில், கடைசிக் குழியில், டோனி ஜாக்லின் இரண்டடிச் சொச்சத்திலிருந்து தவறவிட்டால் அமெரிக்கா வெல்லும். ஜாக் நிக்லஸ் அந்த அடியை விட்டுக்கொடுத்தார். 16–16 என்று சமன். அமெரிக்க அணித்தலைவர் சாம் ஸ்னீடுக்கு அது பிடிக்கவில்லை. ஸ்னீட் சிற்றூரில் வாழ்ந்திருந்தால் புரிந்திருக்கும். கிம்மி மொய்யைப் போன்றது. கொடுத்தவர் மறக்கலாம், வாங்கியவர் மறக்க மாட்டார், அடுத்த வாரம் அதே அளவில் திரும்ப வர வேண்டும். அரையடி குறைத்துக் கொடுத்தவரைப் பற்றி இலையுதிர்காலம் வரைக்கும் பேச்சு இருக்கும்.

இப்படிப்பட்ட உறவுகளுக்குக் கோல்ஃப் தொடக்கத்திலிருந்தே பேர்போனது. 1744இல் எடின்பரோ அருகே லீத்தில், 13 விதிகளோடு நடந்த முதல் போட்டியில் வெள்ளிக் கோலை வென்றவர் ஜான் ராட்ரே என்ற அறுவை மருத்துவர். மறுவருடம் அவர் மன்னருக்கு எதிரான கலகக்காரர்களோடு சேர்ந்தார். 1746இல் கலோடன் போரில் தோற்றபின் பிடிபட்டார். தூக்குமேடைக்குப் போகாமல் அவர் மீண்டதற்கு எதிரணியில் இருந்த தலைமை நீதிபதி டங்கன் ஃபோர்ப்ஸின் பரிந்துரை காரணம். ஃபோர்ப்ஸும் லீத்தில் பந்தடித்தவர். வரலாற்றிலேயே பெரிய கிம்மி இதுதான் என்று துணிந்து சொல்லலாம்.

மூல ஆவணமான ஸ்கோர் கார்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதை நிரப்பக் கொடுக்கும் குட்டைப் பென்சிலில் அழிப்பான் இருக்காது. பாட பேதங்கள் ஆகவே நேரடியாகத் தெரியும். 5 எளிதில் 6 ஆகும், 6 திரும்ப 5 ஆகாது. தவறான எண்ணில் கையெழுத்திடுவதன் விலையை 1968 மாஸ்டர்ஸ் போட்டியில் ரோபர்ட்டோ டி விசென்ஸோ கொடுத்தார். பதினேழாம் குழியில் அவர் எடுத்த 3ஐ உடன் ஆடிய டாமி ஆரன் 4 என்று குறித்துவிட்டார், இவர் பார்க்காமல் கையெழுத்திட்டார், மறு ஆட்ட வாய்ப்பே போயிற்று. சிற்றூரில் அந்த அட்டையை அவரிடமே திருப்பிக் கொடுத்து, மாற்றி எழுதிக்கொண்டு வாருங்கள், வரும்போது எனக்கொரு பியர் எடுத்து வாருங்கள் என்று சொல்லியிருப்பார்கள்.

இந்தக் கோட்பாட்டுக்கு ஒரேயொரு முரண் உதாரணம் இருக்கிறது. நேர்மை கருதி அதையும் பதிவுசெய்ய வேண்டும். ஒரே அடியில் குழியில் போட்டவர் பரிசு பெறுவதில்லை, கிளப்பில் இருக்கும் எல்லோருக்கும் அவரே குடிக்க வாங்கித் தர வேண்டும் என்பது மரபு. சாதாரண ஆட்டக்காரருக்கு அதற்கான வாய்ப்பு 12,500இல் ஒன்று என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. நாற்பது பேர், இரண்டு குட்டைக் குழிகள், பருவத்துக்குப் பதினாறு வாரம் என்றால் ஆண்டுக்கு 1,280 முயற்சிகள். ஏறத்தாழப் பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை யாரோ ஒருவர் மாட்டுவார். வேறொரு நாளில் தனியாக ஆடி அடித்தால் செலவு இல்லை, ஆனால் சாட்சியும் இல்லை. யாரும் நம்ப மாட்டார்கள். வியாழக்கிழமை அடித்தால் ஊரே சாட்சி, முப்பத்தொன்பது பேருக்குத் தாகம்.

இதற்கும் ஒரு பங்கீடு கண்டுபிடித்திருக்கிறார்கள். சில கிளப்புகளில் பருவத் தொடக்கத்திலேயே ஆளுக்குச் சில டாலர் வசூலித்துத் தனி நிதி வைத்து, அப்படி ஒருவர் அடித்துவிட்டால் மதுக்கூடக் கணக்கை அதிலிருந்து தீர்க்கிறார்கள். பொருளாளர் எண்ணிப் பார்த்து நிதி போதவில்லை என்றால் மீதியை யார் கொடுப்பது என்பது குறித்து எந்த விதிப்புத்தகமும் வாய் திறக்கவில்லை. மேற்கொண்டு ஆராய விரும்பும் மாணவர்கள் அங்கிருந்து தொடங்கலாம், கையில் பத்து டாலரோடு.